நாற்பதில் கால் ஏன் மக்கர் செய்கிறது?

கேள்வி கேட்டவர் தன்னைப் பற்றிச் சொல்லியிருப்பது இது. வயது 42. பள்ளியிலும் கல்லூரியிலும் கால்பந்து அணியில் இருந்தவர். இருபதுகளில் ஜிம். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று பத்து வருடம் எதுவுமே இல்லை. போன ஒன்றரை வருடத்தில் மூன்று முறை ஓட ஆரம்பித்து, மூன்று முறையும் மூன்றாவது வாரத்தில் நின்றுபோனது. ஒரு முறை முழங்கால், ஒரு முறை கெண்டைக்கால், ஒரு முறை காரணமே தெரியவில்லை. "போனது என் மன உறுதியா, என் உடம்பா?" என்று கேட்கிறார்.

இரண்டும் அங்கேயேதான் இருக்கின்றன. போக வேண்டிய ஒன்று போகாமல் உட்கார்ந்திருக்கிறது: கல்லூரிக் காலத்து உடம்பைப் பற்றிய நினைவு. கால் 42 வயதில் இருக்கிறது, அதற்கு உத்தரவு போடும் தலை இன்னும் 20இல் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. விட்டுவிட்டுத் திரும்பி வரும் பெரியவர்களுக்கு ஓட்டமும் எடைப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. எனக்கு இப்போது 53. பயிற்சியாளர் என்றதும் சின்ன வயதிலிருந்தே மைதானத்தில் உருண்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளியில் விளையாட்டு வகுப்பு இருக்கும் நாள் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு தலைவர்கள் ஆள் பிரிப்பார்கள். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடித்த பிறகு நானும் கண்ணாடி போட்ட இன்னொரு பையனும் மிச்சம் நிற்போம். நான் குனிந்து ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது நன்றாகக் கட்டித்தான் இருக்கும். "இவனை நீயே வச்சுக்கோ" என்று ஒரு தலைவன் இன்னொருவனிடம் சொன்னது இன்றைக்கும் அதே குரலில் காதில் இருக்கிறது. போதாக்குறைக்கு, தாமதமாக வந்தால் மைதானத்தை இரண்டு சுற்று, வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் மூன்று சுற்று. ஓட்டம் என்பது ஒரு தண்டனையின் பெயர் என்றே பதினேழு வயது வரை நம்பியிருந்தேன். (இன்னமும் அப்படித் தண்டனை கொடுக்கும் ஆசிரியர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நூறு கணக்கு போடு என்று தண்டித்துவிட்டு, பிள்ளைக்குக் கணக்கு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கிற கதைதான்.)

அந்த ஆள் பிரிப்பில் எப்போதும் முதலில் கூப்பிடப்படுபவன் என் நெருங்கிய நண்பன். இடது ஓரத்தில் ஆடுவான். இரண்டு பேர் மறித்தாலும் நடுவில் புகுந்து போய்விடுவான், எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியாது. பின்னாளில் நாங்கள் இருவரும் இடம் மாறிக்கொண்டோம். அது எப்படி நடந்தது என்பதில் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

அவன் 24 வயதில் வேலை கிடைத்ததும் ஆட்டத்தை விட்டான். விட்டதாக அவன் நினைக்கவே இல்லை. "அடுத்த மாசத்திலேர்ந்து போகணும்" என்று பதினாறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் 22இல் ஜிம்மில் சேர்ந்தேன். ஆரோக்கியத்துக்காக ஒன்றும் இல்லை, கண்ணாடிக்காக. கை பருத்தால் சட்டை நன்றாக நிற்கும் என்ற ஆசை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தொடங்கி வைக்க வீண்பெருமை மாதிரி நல்ல எரிபொருள் கிடையாது, சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது ஒன்றுதான் குறை. அந்த வயதில் என்ன தப்பு செய்தாலும் உடம்பு கண்டுகொள்ளாது. உடம்பைச் சூடேற்றாமல் எடை தூக்கினேன். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுப் போனேன். பக்கத்தில் இருப்பவன் பார்க்கிறான் என்பதற்காகவே இரண்டு தட்டு கூடச் சேர்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. எதைச் செய்தாலும் ஒன்றும் ஆகாது என்று உடம்பே நமக்குப் பாடம் நடத்துகிறது, நாமும் நம்பிவிடுகிறோம்.

29இல், லிஃப்ட் பழுதான ஒரு நாள், ஐந்தாவது மாடிக்குப் படியேறிப் போனேன். மேலே நின்றவருக்கு வணக்கம் சொல்ல வாய் வரவில்லை. கை பருத்திருந்தது, மூச்சு இல்லை. மறுநாள் விடிவதற்கு முன், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஓடப் போனேன். மூன்றாவது விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வாரம் முழுக்க இதே கதை: மூன்று கம்பம், நெஞ்சடைப்பு, வீடு. எட்டாவது நாள் என்னைவிட முப்பது வயது மூத்தவர் ஒருவர் கூட வந்தவரிடம் ஏதோ குடும்பக் கதை பேசிக்கொண்டே என்னைக் கடந்து ஓடினார். அவர் திரும்பி வரும்போதும் அந்தக் கதை முடியவில்லை. அன்றைக்குத்தான் உறைத்தது. எனக்குத் தெரிந்த ஒரே ஓட்டம் தண்டனைச் சுற்று ஓட்டம். சீக்கிரம் முடித்துத் தொலைக்க வேண்டும் என்கிற ஓட்டம்.

இன்று புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். முழு வாக்கியமாகப் பேச வந்தால் சரி. பாட்டே பாட வந்தால் கொஞ்சம் கூட்டலாம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் குறையுங்கள். கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நம்பி நடப்பவர்கள், 220இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அது ஒரு கூட்டத்துக்கான சராசரி. ஒரே வயதுடைய இரண்டு பேரின் உச்சத் துடிப்பு இருபது வரைகூட வேறுபடுவது சாதாரணம். நாக்கு அவ்வளவு பொய் சொல்லாது.

சரி, நண்பன் கதைக்கு வருகிறேன். 40 வயதில் அலுவலகத்தில் ஒரு கால்பந்துப் போட்டி. அவனைக் கேட்காமலேயே பெயரைச் சேர்த்துவிட்டார்கள், அவனுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். நான் வெளியே நின்று பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் பந்தைத் தொடவில்லை, முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான். பிறகு இடது ஓரத்தில் ஒரு பந்து நீளமாக வந்தது. அவன் முகம் மாறியதை அங்கிருந்தே பார்த்தேன். பழைய முகம். நாலு எட்டு வைத்தான், ஐந்தாவது எட்டில் நின்று, கோபமாகத் திரும்பிப் பார்த்தான். பின்னாலிருந்து யாரோ கெண்டைக்காலில் கல்லால் அடித்துவிட்டதாக நினைத்தானாம். பின்னால் யாருமே இல்லை. தசை கிழிந்திருந்தது. கெண்டைக்கால் கிழிந்தவர்களில் பாதிப் பேர் இதே கல்லடிக் கதையைத்தான் சொல்வார்கள்.

அவனுக்கு நடந்ததும் உங்கள் மூன்றாவது வாரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பயிற்சி தொடங்கினால் உடம்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. மூச்சும் ரத்த ஓட்டமும் முந்திக்கொள்கின்றன. பிளாஸ்மா என்ற ரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே கூடிவிடும், இரண்டாவது வாரத்தில் இளைப்பு குறைவது பெரும்பாலும் அதனால்தான். தசையும், தசைக்குக் கட்டளை போகும் நரம்பும் சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாண் இருக்கிறதே, அது மாதக்கணக்கு. அதற்கு ரத்த ஓட்டமும் குறைவு. எலும்பு தன்னைக் கொஞ்சம் கரைத்துப் புதிதாகக் கட்டி முடிக்க மூன்று நான்கு மாதம் ஆகும். ஆக, மூன்றாவது வாரத்தில் என்ன நடக்கிறது? இதயம் "போகலாம்" என்கிறது, தசை "போகலாம்" என்கிறது, தலையோ "அட, பழைய ஆள் வந்துட்டான்" என்று துள்ளுகிறது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் நாண்களை யாரும் கேட்கவில்லை.

இதனால்தான், எதுவுமே ஆடாதவர்களைவிட முன்பு நன்றாக ஆடியவர்கள் திரும்பி வரும்போது எனக்குப் பயம் அதிகம். ஆடாதவருக்கு வேகமாக ஓடத் தெரியாது, அதனால் அடிபடவும் தெரியாது. ஆடியவரின் கால் பழைய வேகத்தை எடுத்துவிடும். வித்தை மறக்காது. தாங்கும் பொருள்தான் மாறியிருக்கும். தசைக்கும் ஒருவித ஞாபகம் உண்டு. பயிற்சியின்போது தசை நாரில் கூடும் உட்கருக்கள் (செல்லை நடத்தும் மையங்கள்), தசை சுருங்கிய பிறகும் நீண்ட நாள் தங்கிவிடுகின்றன என்று 2010இல் எலிகளில் காட்டினார்கள். மனிதர்களில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் முன்பு எடை தூக்கியவர்கள் புதியவர்களைவிட வேகமாகப் பலம் பெறுவதைப் பயிற்சி கொடுப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். அந்த வேகமே அவர்களுக்கு எதிரி.

"உடம்பே போய்விட்டதா" என்பதற்கு 1966இல் டல்லாஸில் நடந்த ஒரு சோதனை நல்ல பதில். ஆரோக்கியமான ஐந்து இளைஞர்கள், எல்லோருக்கும் 20 வயதை ஒட்டி. அவர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்துகிறது என்பதுதான் உடல் தாங்குதிறனுக்கான அளவுகோல். அது மூன்றே வாரத்தில் கால் பங்குக்கு மேல் விழுந்தது. நோயாளி என்றால் படுக்கையில் கிடக்கட்டும் என்ற பழைய மருத்துவ வழக்கத்தை மாற்றியதில் அந்தச் சோதனைக்குப் பங்கு உண்டு. எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய பகுதி. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்தார்கள். 50 வயது, எடை ஏறியிருந்தது, உடலில் கொழுப்பின் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் அந்த முப்பது வருடத்தில் இழந்த தாங்குதிறன், 20 வயதில் மூன்று வாரப் படுக்கையில் இழந்ததைவிடக் குறைவு! பிறகு ஆறு மாதம், நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஐந்து பேரின் சராசரி, 20 வயதில் படுக்கைக்கு முன் இருந்த அளவுக்குத் திரும்பியது. 20 வயதில் படுக்கைக்குப் பிறகு பயிற்சி எடுத்து எட்டிய உச்சத்தை யாரும் தொடவில்லை.

ஐந்து பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது என்பது உண்மைதான். ஆனாலும், வயது எடுத்துக்கொண்டது என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி நாற்காலி எடுத்துக்கொண்டது என்ற சந்தேகத்தை அது வலுவாக எழுப்புகிறது. ஆறு மாதம் என்பதையும் கவனியுங்கள். மூன்று வாரத்தில் வரவில்லை.

நான் இதையெல்லாம் தெரிந்துகொண்டு பத்திரமாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். 38இல் எனக்கும் வந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் முதல் பத்து எட்டு துருப்பிடித்த கதவுக் கீல் மாதிரி இருக்கும், குதிகாலுக்கு மேலே பின்பக்க நாணில். குளித்து முடித்தால் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறதே என்று மூன்று மாதம் அதன் மேலேயே ஓடினேன். பிறகு சரியாகவில்லை. எட்டு மாதம் ஓட்டம் இல்லை.

அதற்கு எனக்குக் கிடைத்த மருந்து ஒரு படிக்கட்டு. ஸ்வீடனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹோகான் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நேராக 15 முறை மூன்று சுற்று, கொஞ்சம் மடக்கி 15 முறை மூன்று சுற்று, காலையிலும் மாலையிலும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180, பன்னிரண்டு வாரம். அவருக்கே அந்த நாணில் வலி இருந்தது, முழுதாக அறுந்தால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று வேண்டுமென்றே பாரம் ஏற்றப் போய் அது குணமாகிவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். நன்றாக இருக்கிற கதை. நான் பல் தேய்த்துக்கொண்டே ஒரு வேளைக்கான 90ஐயும் முடிக்கப் பழகினேன். முதல் நான்கு வாரம் ஒரு மாற்றமும் இல்லை, வலி கூடியது போலக்கூட இருந்தது. ஏழாவது வாரத்தில் ஒரு நாள் கட்டிலிலிருந்து இறங்கிப் பாதி அறையைக் கடந்த பிறகுதான், வலிக்கவில்லையே என்று நினைவு வந்தது. நாண் ஓய்வில் ஆறுவதைவிட, அளவான பாரத்தில்தான் அதிகம் ஆறுகிறது.

உங்கள் மூன்றாவது தோல்விக்குக் காரணமே தெரியவில்லை என்றீர்கள். ஒரு ஊகம் சொல்கிறேன்: நீங்கள் கைக்கடிகாரத்தில் தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தீர்களா? நான் எண்ணினேன். தினமும் பத்தாயிரம் அடி, 214 நாள். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு வீட்டுக் கூடத்தில் முன்னும் பின்னும் நடந்து எண்ணை நிரப்பிய நாட்களும் அதில் உண்டு. 215ஆவது நாள் காய்ச்சல். எண் பூஜ்யமானது. காய்ச்சல் நான்கு நாளில் போனது, நான் நடக்கப் போகாமல் இரண்டு மாதம் கிடந்தேன். நடப்பது எப்போதோ போய்விட்டிருந்தது, எண் மட்டும்தான் நடந்துகொண்டிருந்தது. எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் ஒரு சோதனை வெளியிட்டார். மாணவர்கள் பிடித்துப்போய் விளையாடிய ஒரு புதிருக்குச் சிலருக்குப் பணம் கொடுத்தார். பணத்தை நிறுத்தியதும் அவர்கள் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. என் கைக்கடிகாரம் எனக்குச் செய்ததும் அதேதான்.

அந்தப் பத்தாயிரத்தின் பூர்வீகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965இல் ஜப்பானில் யமாசா என்ற கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் மான்போ-கெய், பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். எந்த மருத்துவக் கணக்கிலும் பிறந்த எண் அல்ல. 2019இல் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரும் குழுவினரும் சராசரி 72 வயதுப் பெண்கள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து பார்த்ததில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே நோயில் இருப்பவர் குறைவாக நடப்பார் என்பதால் இந்த மாதிரி ஆய்வுகளை யோசித்துத்தான் நம்ப வேண்டும். ஆனால் நான்காயிரத்து ஐந்நூறு நடந்துவிட்டு "இன்னிக்கு வேஸ்ட்" என்று நினைப்பவர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறார்.

பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்பதும் அதே ரகம். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்ததில் சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை. உடற்பயிற்சி மாதிரி விஷயங்கள் எளிய பழக்கங்களைவிட அதிக நாள் எடுத்தன. ஒரு நாள் தவறியது ஒன்றையும் கெடுத்துவிடவில்லை. உங்கள் மூன்று வாரம் என்பது 21 நாள். பழக்கம் இப்போதுதான் முளைவிடுகிற நாளில், ஏன் இன்னும் மரமாகவில்லை என்று பிடுங்கிப் போட்டிருக்கிறீர்கள்.

உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பேருந்தில் கண்டுபிடித்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 1953இல் வெளியிட்டது. லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டு கொடுக்கும் நடத்துனர்களுக்கு மாரடைப்பு குறைவு. பிறகு அவரே சீருடை அளவுகளைப் புரட்டிப் பார்த்து, ஓட்டுநர்களின் இடுப்பளவு நடத்துனர்களுடையதைவிடப் பெரிது என்றும் எழுதினார். அதாவது படி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தன் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகப்பட்ட அந்த நேர்மைக்காக எனக்கு அவரைப் பிடிக்கும். அந்த நடத்துனர்கள் யாரும் ஷூ மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போனவர்கள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் தன் பரிந்துரையைப் புதுப்பித்தபோது, பத்து நிமிடத்துக்குக் குறைந்த அசைவு கணக்கில் சேராது என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையாக, கூடவே இரண்டு நாளாவது தசைக்குப் பாரம். இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் படிக்காமல் விடுகிறார்கள்.

நானும் விட்டேன். ஓடுகிறவன் எடை எதற்குத் தூக்க வேண்டும் என்று திமிராக இருந்தேன். 45இல் ஒரு நாள் தரையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்திருக்கும்போது கை தானாக முழங்காலைப் பிடித்து அழுத்தியது. யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். வயதோடு தசை கரைவதற்கு சார்கோபீனியா என்று பெயர். அந்தப் பெயரையே 1989இல்தான் வைத்தார்கள். மறு வருடம் மரியா ஃபியாட்டரோன் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேர். எட்டு வாரம் காலுக்குக் கனமான எடைப் பயிற்சி, நிஜமான கனம். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டார்கள். பயிற்சியை நிறுத்திய நான்கு வாரத்தில் வந்ததில் கணிசமான பங்கு போகவும் செய்தது. அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி, இருபது வருடத்துக்கு முன் கண்ணாடிக்காக வாங்கிய டம்பெல்லைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்தேன். அதே இரும்பு. 22இல் அது கைக்கு. இப்போது அது தரையிலிருந்து எழுவதற்கு.

எடை குறைப்பதற்காக ஓட ஆரம்பித்தீர்கள் என்றால் ஒரு வார்த்தை. நாற்பது வந்ததும் உடம்பு சக்தியை எரிப்பது குறைந்துவிடுகிறது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். 2021இல் வந்த பெரிய அளவிலான ஆய்வில், உடலின் அளவு வித்தியாசத்துக்கு ஈடுகட்டிப் பார்த்தால் 20 முதல் 60 வயது வரை அது ஏறக்குறைய மாறாமல் இருந்தது. ஓட்டத்தால் மட்டும் எடை அதிகம் இறங்காது. எடைக் கருவியைப் பார்த்து ஓட்டத்தை மதிப்பிட்டால் ஓட்டம் நிச்சயம் தோற்கும்.

அப்புறம், நடைமுறை. உங்கள் இடத்தில் இருந்தால் நான் இப்படிச் செய்வேன். வாரம் மூன்று நாள், இருபத்தைந்து நிமிடம். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, மாற்றி மாற்றி. முதல் ஆறு வாரம் இதைக் கூட்டவே மாட்டேன், எவ்வளவு நன்றாக இருந்தாலும். "இன்னும் கொஞ்சம் ஓடலாமே" என்ற நமைச்சலோடு வீடு திரும்ப வேண்டும், அந்த நமைச்சல்தான் அடுத்த நாள் உங்களை எழுப்பும். மற்ற இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரையோ தரையையோ தள்ளுவது, ஏதாவது கனமானதைத் தரையிலிருந்து தூக்குவது, படி விளிம்பில் குதிகால். இரண்டாம் நாள் படி இறங்கும்போது தொடை கெஞ்சும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்பார்கள், அது ஒரு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து போய்விடுகிற சரக்கு. பழக்கமில்லாத இழுவையில் தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதம்தான் வலிக்கிறது, இரண்டு மூன்று நாளில் அடங்கும். மூட்டிலோ நாணிலோ ஒரே புள்ளியில், காலையில் அதிகமாக வலித்தால் அது வேறு. அப்போது பாரத்தைக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். நெஞ்சில் அழுத்தம், மயக்கம் வந்திருந்தாலோ, இதய நோயோ நீண்டகாலச் சர்க்கரையோ இருந்தாலோ, இந்தப் பதிலைத் தள்ளி வைத்துவிட்டு மருத்துவரைப் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

இதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது: ஓட்டத்தோடு சேர்த்து, உங்களுக்குக் கடந்த காலமே இல்லாத ஒரு விளையாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். நீச்சலோ, பூப்பந்தோ, எதுவோ. கால்பந்தில் நீங்கள் எப்போதும் பழைய உங்களிடம் தோற்றுக்கொண்டிருப்பீர்கள். தெரியாத விளையாட்டில் ஒப்பிட ஆள் இல்லை, ஒவ்வொரு மாதமும் முந்தின மாதத்தைவிட நன்றாகவே இருக்கும். என்னைப் போலக் கடைசியாகக் கூப்பிடப்பட்டவர்களுக்கு உள்ள ஒரே வசதி அது. இழக்க எங்களிடம் பெயர் எதுவும் இருந்ததில்லை. பிரான்ஸைச் சேர்ந்த ரொபேர் மர்ஷான் இளமையில் சைக்கிள் ஓட்டியவர். பிறகு பல பத்து வருடம் விட்டுவிட்டு அறுபதுகளின் பின்பகுதியில்தான் திரும்ப ஏறினார். 2014இல் 102 வயதில் ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் ஓட்டினார். 101இலிருந்து 103 வயதுக்குள் அவர் உடல் அதிகபட்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு கூடியிருந்ததை ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். அவரை எல்லோராலும் பின்பற்ற முடியாது. ஆனால் நூறு வயதுக்கு மேற்பட்டோர் என்று ஒரு போட்டிப் பிரிவே அவருக்காகத் தொடங்கப்பட்டது. அங்கே அவர் தன் இருபது வயதோடு போட்டி போடவில்லை.

என் நண்பனின் கெண்டைக்கால் ஆறியதும் அவன் செய்த முதல் காரியம் கால்பந்து பார்ப்பதை நிறுத்தியது. இரண்டு வருடம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு நான் நீச்சல் கற்கப் போனபோது சும்மா துணைக்கு என்று சொல்லி இழுத்துப் போனேன். 44 வயது, தண்ணீர் என்றால் பயம். முதல் மாதம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விட மட்டுமே கற்றான். மைதானத்தில் இரண்டு பேரை ஒரே நேரத்தில் ஏமாற்றியவன், எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கும் வந்தது. அவன் விளையாடும்போது சிரித்து நான் பார்த்ததே இல்லை, பள்ளியிலும்.

ஐந்தாவது மாதம் ஒரு சாயங்காலம் முதல் தடவையாக 50 மீட்டரை நிற்காமல் முடித்து, மறுமுனைக் கம்பியில் தொங்கிக்கொண்டு இளைத்தான். பக்கத்துத் தடத்தில் இருந்த ஒரு சிறுமி நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அங்கிள், நீங்க காலை ரொம்ப மடக்குறீங்க" என்றாள். அவன் "எப்படி, காட்டு" என்று கேட்டான். காட்டினாள். இவனுக்கு வரவில்லை. இன்னொரு தடவை காட்டினாள்.